பேர் என்னும் கட்டம்

கொழும்பில், ஏசி அறையில்
அழகாகத்தான் இருந்தது.
பச்சைப் பட்டன், வளைந்த மூலை,
ஓர் ஆளுக்குப் பதினோரு தட்டு.
பதினொன்று என்று அன்றைக்கு
யாரும் எண்ணவில்லை, நானும்.

அப்கொட் தாண்டி
ஏழாம் நம்பர் மலை மடுவத்தில் எண்ணினேன்.
பன்னிரண்டு மணி நிறுவை,
சாரல் சாய்ந்து வருகிறது,
தராசுக்கு முன்னால் எண்பத்து நாலு பேர்.
பெருக்கினால் தொள்ளாயிரத்து இருபத்து நாலு.
அத்தனையும் தவராசனின் ஒற்றை விரலில்.
ஈர விரலை டெப் நம்புவதில்லை.
துடைக்கிறார், தட்டுகிறார்,
சட்டைக்குள் விட்டுத் துடைக்கிறார், மறுபடி தட்டுகிறார்.
திரையில் சின்ன வட்டம் சுற்றுகிறது.
வரிசை நிற்கிறது, முதுகில் பாரத்தோடு.

"முந்தி இருந்த கொப்பிக்கு
மழை வெளங்கும்" என்றார்.
பென்சில் இன்னும் காதில்தான் இருந்தது.

என் பையில் தலைமை அலுவலகக் கடிதம்:
ஊழியர் அனுபவம், உற்பத்தித்திறன்,
இரண்டும் மாத முடிவுக்குள் உயர வேண்டும்.
ஐந்து நட்சத்திரக் கேள்வித்தாள் இணைப்பு.
அதை நாலாய் மடித்து
ஆடிய தராசின் காலுக்கு அண்டை கொடுத்தேன்.
முள் பூச்சியத்தில் வந்து நின்றது.
அந்தத் தாள் செய்த ஒரே வேலை.

மூன்று நாள் மூலையில் நின்று பார்த்தேன்.
எல்லாரும் ஒரே மலையில் நிற்க
ஆளுக்கு ஆள் மலை நம்பர் கேட்டது.
தேதி தெரிந்துகொண்டே தேதி கேட்டது.
'காரணம்' என்ற கட்டத்தில்
ஒரு புள்ளி வைத்துத் தப்பிக்கொண்டிருந்தார் தவராசன்,
நாளுக்கு எண்பத்து நாலு புள்ளி.

ராத்திரி கிளாக்கர் வீட்டு மேசையில்
கட்டம் கட்டமாகப் பிடுங்கினேன்.
களை எடுப்பதுபோல என்று எழுதினால்
களை எடுக்கிறவர்கள் சிரிப்பார்கள்.
பதினொன்று இரண்டானது:
அட்டையைக் காட்டு, நிறையை ஏற்று.
சிக்னல் இல்லையா, பொறுத்திரு,
லொறி கீழே இறங்கும்போது அனுப்பு.

நாலாம் நாள் வெயில்.
நாற்பது நிமிட வரிசை பதினாறில் கரைந்தது.
மிச்ச நேரத்தில் ரொட்டி
உட்கார்ந்து தின்னப்பட்டது.
அதைப் போட அறிக்கையில் இடமில்லை.

சாயந்தரம், பையை மூடும்போது
இன்னாசியம்மா வந்தார், இடுப்பில் காய்ந்த படங்கு.
"ஒன்னு கேக்கவா மிஸ்?
இந்தப் பொட்டி ஏன் ஐயா பக்கமே
மூஞ்சியத் திருப்பி வச்சிருக்கு?"

பயனர் என்று நாங்கள் எழுதிய இடத்திலெல்லாம்
தட்டுகிறவரைத்தான் நினைத்திருந்தோம்.
திருப்பினேன்.

இன்றைய நிறை: 18
ஈரக் கழிவு: 2
சேர்வது: 16
பெயர்: 0.5

கொழும்பில் மொழிபெயர்த்த பையனுக்கு
இந்த மலையின் 'பேர்' தெரியாது.
பதினெட்டுக் கிலோ தொட்டால் முழுப் பேர்,
தொடாவிட்டால் அரைப் பேர்,
பாதிச் சம்பளம்.
திருத்துவதாகப் 'பெயர்' என்று போட்டிருந்தான்.
இவ்வளவு சரியான பிழையை நான் பார்த்ததில்லை.

"ஈரமா?" என்றார் பின்னால் நின்ற புஷ்பமலர்.
வேறொன்றும் சொல்லவில்லை,
வானத்தை மட்டும் பார்த்தார்.
எண்பத்து நாலு பேரும் பார்த்தார்கள்.
தவராசன் பென்சிலை எடுத்தார்,
மறுபடி காதில் வைத்தார்.

அந்த இரண்டை எழுதியது நான்.
மழையைக் கேட்காத ஒரு வரி,
எல்லா நாளுக்கும் ஒரே இரண்டு.
வழமை என்றார்கள், எழுதினேன்.

இப்போது இரவு ஒன்பது.
அந்த வரியைத் திறந்து வைத்திருக்கிறேன்.
எடுத்தால் மேலேயிருந்து போன் வரும்.
விட்டால்,
நாளைக்கும் அந்தத் திரை
அவர்கள் பக்கம்தான் பார்த்திருக்கும்.

எடுத்தேன்.
மாற்றத்துக்குக் காரணம் எழுதுக, என்றது
எனக்கென்று வைத்திருந்த கட்டம்.
ஒரு புள்ளி போதும், தெரியும்.

'வெயில்' என்று எழுதினேன்.